தவளக்குப்பத்தில் இறங்கியவளின் கடிதம்

புதுச்சேரி,
28.4.2025

அன்புள்ள ஜெனி,

உன் கடிதம் ஈஸ்டருக்கு முந்தின நாள் வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு இன்னும் தாளில் எழுதுகிறவள் நீ ஒருத்திதான். அதற்காகவே நானும் பேனாவைத் தேடி எடுத்தேன். பையனுக்குப் பல் முளைத்து வருகிறவர் போகிறவரை எல்லாம் கடிக்கிறான் என்று எழுதியிருந்தாய். உன் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம். ஜூலை முதல் வாரம். கிறிஸ்தவர்கள் என்றாலும் அம்மாவுக்கு ஆடி என்றால் ஆடிதான், அதற்குள் முடித்தாக வேண்டுமாம். மாப்பிள்ளை பேரெல்லாம் பத்திரிகையில் பார்த்துக்கொள். ஆள் கடலூர்க்காரர். மைக்செட் வேலை.

மற்றதைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். 2022-இல் உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. ஜுரம் என்றேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஜுரமில்லை. அன்று காலை மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டி, உனக்கு வாங்கிய சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியாங்குப்பம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. நோணாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி. இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது, இதோ செத்துவிடப் போகிறேன் என்று உறுதியாகத் தோன்றியது. தவளக்குப்பத்தில் இறங்கிவிட்டேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கடைக்காரர், "கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் எதிர்ப்பக்கம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். கடிகாரம் ஜிகினாத்தாள்கூடப் பிரியாமல் பீரோவில் இருக்கிறது.

அதற்கு முன்பே ஆறேழு தடவை வந்ததுதான். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து "ஒண்ணுமில்லை, கேஸ்" என்று அனுப்பினார்கள். அம்மா கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டு, கூடவே ஒரு செபமாலையும் சொன்னார். பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கும் வரிசையில் நிற்கும்போது ஒருமுறை வந்தபின் கோயிலுக்குப் போவதையே விட்டேன். என்னடா இது, ஆண்டவர் முன்னாலேயே வருகிறதே என்று அவர்மேலும் கோபம்.

மறு வருஷம் அம்மா இழுக்காத குறையாக இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குக் கூட்டிப்போனார். சுப்பையா சாலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கிறதே, சின்ன வயதில் நாம் கலர் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே பிரசங்கத்தைக் கோட்டை விடுவோமே, அதே கோயில்தான். நான் கடைசிப் பெஞ்சில், கதவோரம் உட்கார்ந்து தூண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் இருபத்துநான்கு. பூசை முடிந்ததும் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே போக வழியில்லை என்று தெரிந்ததுமே ஆரம்பித்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னாச்சு" என்று கேட்கவில்லை. "அக்கா, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். அவர் மறுமுனையிலிருந்து உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டே, வாய்விட்டு எண்ணிக்கொண்டே, என்னை நோக்கி வந்தார். பத்தைத் தாண்டியபோது நானும் சேர்ந்து எண்ணினேன். முப்பதுக்கு மேல் வயர் மட்டும்தான் கண்ணில் இருந்தது. நாற்பத்தாறில் முடிந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், முதல் வார்த்தையே அக்கா! இன்றைக்கும் அதைச் சொல்லி மானத்தை வாங்குகிறேன்.

எப்படித் தெரிந்தது என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். அவர் வீடு தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் கடல் உள்ளே வந்தது. வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ராத்திரி அலைச்சத்தம் கேட்டாலே அவர் அம்மாவுக்கு இதே மாதிரிதான், கை மரத்துப்போய், மூச்சு முட்டி. ஏழெட்டு வருஷம் பட்டபிறகுதான் மனநல டாக்டரிடம் போனார்களாம். "நீங்களும் அவ்வளவு நாள் காத்திருக்காதீங்க" என்றார். காதல் வசனம் என்று இதுவரை அவர் பேசியது இந்த அளவுதான்.

நானும் போனேன். அந்த டாக்டரம்மா சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வீட்டில் திருடன் இல்லாமலேயே மணி அடிக்கிற மாதிரி உடம்பு அபாயமணி அடிக்கிறதாம். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். நான் என்ன செய்தேன் என்றால், அது இறங்குமுன் பஸ்ஸைவிட்டு நான் இறங்கினேன். இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொண்டது. அதனால் மாத்திரையோடு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார். முதல் வாரம் முதலியார்பேட்டை வரை, அடுத்தது அரியாங்குப்பம், அப்புறம் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில். கடைசியாகக் கடலூர்.

நடுவில் ஒரு கூத்து. சொந்தக்காரர் ஒருவர் ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். தலையில் கைவைத்து, "மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம், தூக்கிப்போடு" என்றார்கள். போட்டேன். மூன்றாம் நாள் தலைசுற்றல், மண்டைக்குள் சுரீர் சுரீரென்று ஷாக் அடிக்கிற மாதிரி, ஒரு வாரத்தில் பயம் வட்டியோடு திரும்பிவிட்டது. இந்த மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம், சட்டென்று நிறுத்தக்கூடாதாம். அவர்கள்மேல் கோபம் இன்னும் போகவில்லை. போகாமலே இருக்கட்டும் என்றும் தோன்றுகிறது.

பஸ் வீட்டுப்பாடத்துக்கு மைக்செட்காரர் கூடவே வந்தார். பக்கத்து சீட்டில் அவர் இருந்தால் கன்னியக்கோயில்வரை சிரித்துக்கொண்டே போவேன். டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "அப்போ பஸ்ஸில் போகப் பழகவில்லை, அவரோடு போகப் பழகியிருக்கிறீர்கள்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து இவர் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். விட்டுவிட்டுப் போகிற ஆள்தான் இதுவும் என்று இரண்டு மாதம் பேசவில்லை நான்.

அப்போதுதான் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள் இங்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. வாசல்படியில் தண்ணீர். கட்டில்மேல் உட்கார்ந்து அம்மா செபமாலை சொல்ல, நான் அதைக் கேட்டுக்கொண்டே மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ராத்திரி இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் போனது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வந்துவிட்டதாகச் செய்தி. அவர் போன் கிடைக்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் ஒரு பையில் அரிசி, பிரெட், மெழுகுவர்த்தியோடு கிளம்பினேன். நோணாங்குப்பம் பாலத்திலேயே நெஞ்சு தொடங்கிவிட்டது. தவளக்குப்பத்தில் பஸ் நின்றது. அந்த டீக்கடை அங்கேயே இருந்தது. இத்தனை வருஷம் "ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துவிடும்" என்றுதான் செபித்தேன். அன்று வாயில் வந்தது, "என்னை இறங்க விடாதேயும்". ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள், விசில் அடித்தது. கிருமாம்பாக்கம் வரும்போது கைக்கு உணர்வு வந்துவிட்டது. கன்னியக்கோயில் எல்லையில் பாட்டிலை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறிய ஒருவர் என் பிரெட்டைப் பார்த்து, "ரெண்டு ஸ்லைஸ் கொடும்மா" என்றார். கொடுத்தேன். அன்று யார் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்குள் சேறு. அவர் பனியனோடு ஆம்பிளிஃபயரைக் கவிழ்த்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், எப்படி வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை, பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைத்தான் பார்த்தார். யாரும் இல்லை. அவர் அம்மா ஸ்டவ்வில் கஞ்சி காய்ச்சித் தந்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றார். ராஜாக்கள் புத்தகத்தில் வருகிற வரி. எலியா சூரைச்செடியின் கீழே, போதும் ஆண்டவரே, சாகிறேன் என்று படுத்துக்கொள்கிறார். தூதன் வந்து திட்டவில்லை, உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். சுனாமி முகாமில் முதல் சாம்பார் சாதத்தைக் கையில் வாங்கியபோது அந்த இடம்தான் புரிந்தது என்றார் அத்தை. வெள்ளிதோறும் உபவாசம் இருந்து பயத்தை விரட்டப் பார்த்த எனக்கு இதை ஒருவரும் காட்டவில்லை.

கல்யாணப் பேச்சு அதற்கப்புறம் தானாக நடந்தது. நாம் கத்தோலிக்கர், அவர்கள் லுத்தரன், ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அவர்களுக்கு ஜெபம், நமக்குச் செபம். அவர்களுக்கு ஐயர், நமக்குச் சாமியார். கலப்புத் திருமணம் என்று ஆயரில்லத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. உயர்மறைமாவட்டத்தின் பேரே புதுவை-கடலூர் என்றுதானே இருக்கிறது, அங்கேயே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றார் எங்கள் பங்குச் சாமியார். ஜூனில் கோயிலில் கல்யாண அறிவிப்பு, அதாவது ஓலை, வாசிப்பார்கள்.

இன்னும் அரை மாத்திரை ஓடுகிறது. நன்மை வரிசையில் கடைசி ஆளாகத்தான் நிற்கிறேன். ஆனால் நிற்கிறேன்.

நீ முந்தின நாளே வந்துவிடு. வாசலிலிருந்து பீடம்வரை நீளமான நடை, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நடுவில் நான் நின்றுவிட்டால் ஒன்றும் சொல்லாதே, சமாதானம் பண்ணாதே, பூச்செண்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள். நானே வந்துவிடுவேன்.

கடிகாரத்தை அப்போது தருகிறேன். பாட்டரி நீ போட்டுக்கொள்.

உன் பழைய பெஞ்சுக்காரி

பி.கு.: உன் நாத்தனார் மகள் நீட் பயத்தில் தூங்குவதில்லை என்று எழுதியிருந்தாயே, 14416-க்குப் போன் போடச் சொல். அரசாங்கத்தின் டெலி மானஸ், மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. இன்னொன்று, உன் மாமியாரின் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு ஒரு பாட்டில் கொண்டு வா.