கொடுப்பதற்கு மேடை வேண்டாம்: பங்குப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாவின் கத்தோலிக்கப் பங்குகளில் கோயில் காரியங்களுக்கு ஆலோசனை சொல்லும் பேரவை உறுப்பினர்களுக்கும், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்கு முன்பிருந்தே காவி உடுத்திய நடைப்பயணிகள் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக வரத் தொடங்கிவிடுவார்கள். ஊருக்கு ஊர் பந்தல் போட்டு மோரும் கஞ்சியும் கொடுக்கிறோம். முன்பின் தெரியாதவரின் கொப்புளம் வெடித்த காலை நம் பிள்ளைகள் மடியில் தூக்கி வைத்து மருந்து போடுகிறார்கள். சபை பார்ப்பதில்லை, சாதி கேட்பதில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி மாதா பிறந்தநாள் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, நம் தெருவிலேயே நடக்க முடியாமல் கிடக்கிறவர்களை யார் பார்க்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அன்பியத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். சிறுவயது முதல் நடவும் களையெடுப்புமாகவே உழைத்த கை. ரேஷன் கடை இயந்திரத்தில் அவருக்குக் கைரேகை விழுவதில்லை. அதே தெருத் தம்பி ஒருவர் மாதாமாதம் அவரை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறார். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கிறார். “நாளைக்கு வாங்க” என்று கடைக்காரர் சொன்னால் மறுநாளும் போகிறார். அரிசியைக் கொண்டுவந்து டப்பாவில் கொட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்தத் தம்பி பேரவையிலும் இல்லை, பங்கின் எந்தப் பக்த சபையிலும் இல்லை. பாட்டிக்கு அரிசி மட்டுமா கிடைக்கிறது? “இந்த மாசமும் என்னைத் தேடி ஒரு ஆள் வருது” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

இன்னொரு காட்சியும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு பங்கில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஏழைகளுக்கு அரிசிப்பையும் சேலையும் கொடுத்தார்கள். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உபயதாரர் ஒரு முனையும் வாங்குகிறவர் மறுமுனையுமாகப் பையைப் பிடித்தபடி படம் எடுத்தார்கள். அம்மாவோடு மேடை ஏறிய பத்தாம் வகுப்புப் பிள்ளை கடைசிவரை தலையை நிமிர்த்தவே இல்லை. கூட்டத்தில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். கொடுத்தவர்களின் மனசு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னது கொடுக்கிறவரின் ஆன்மாவுக்கு மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் மானத்துக்கும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பேரவைக் கூட்டத்தில் ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். தொடக்கத் திருச்சபையில் எழுந்த முணுமுணுப்பு எதைப் பற்றி? அன்றாடப் பகிர்வில் சில கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள் என்பதைப் பற்றி. அதற்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுபட்டவர் யார் என்று பார்ப்பதற்கென்றே பொறுப்பு உண்டாக்கினார்கள். தேர் அலங்காரம், வாணவேடிக்கை, மைக்செட் எல்லாவற்றுக்கும் குழு போடுகிற நம்மிடம் அந்த ஒரு குழு எங்கே?

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபைக்கு, ஏழையை அவர் வீட்டுக்கே போய்ச் சந்திப்பதுதான் அடிப்படை வேலை. 1921இல் டப்ளினில் பிறந்த மரியாயின் சேனை என்ற பக்த சபை பணமோ பொருளோ கொடுப்பதே இல்லை. வீடு சந்திப்பார்கள், நோயாளியோடு உட்கார்ந்து செபிப்பார்கள், செய்த பணியை வாராந்திரக் கூட்டத்தில் அறிக்கையாகச் சொல்வார்கள். இரண்டும் நம் பங்குகளில் இருக்கின்றன. பல இடங்களில் திருவிழாப் பவனியில் கொடி பிடிக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம் என்பதுதான் வருத்தம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இதே மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் தெருவே போன் சார்ஜ் போட்டது. தென்னை விழுந்து நொறுங்கிய வீட்டுக்காரர்கள்கூடப் பக்கத்து வீட்டுக்குச் சோறு கொடுத்தார்கள். யாரும் யாரிடமும் விண்ணப்பம் வாங்கவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. அன்பியக் கூட்டம் தொடங்கியதும், வந்தவர்களை எண்ணுவதற்கு முன்னால் வராதவர்களைப் பற்றிக் கேளுங்கள். ஏன் வரவில்லை, அடுத்த கூட்டத்துக்குள் அவர் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் இல்லாதவர், முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதத் தெரியாதவர், திருப்பலிக்கு வர ஆசைப்பட்டும் படி ஏற முடியாதவர் எனத் தேவை தானாகத் தெரியவரும். உதவி வீட்டுக்குப் போகட்டும், மேடைக்கு வேண்டாம்.

பங்கின் ஆண்டு வரவுசெலவில் ஆட்டோ வாடகைக்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள். ஜூலை நான்காம் ஞாயிறை முதியோருக்கான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்தினார். வருகிற ஜூலையிலிருந்தே தொடங்கலாம்: அன்று படுக்கையில் இல்லாத ஒவ்வொரு முதியவரையும் கோயிலுக்குக் கூட்டிவர அன்பியம் பொறுப்பேற்கட்டும், படுக்கையில் இருப்பவர்களுக்கு நற்கருணை போகும்போது பேரவையிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். அடுத்த ஞாயிறும் அதே ஆட்டோ வர வேண்டும் என்பதை அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
டெல்டா பங்கு ஒன்றின் அன்பிய உறுப்பினர்