ஒருபக்க பிளேடு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரஷும் சோப்பும் கொண்டு செய்யும் பழைய முறைச் சவரத்துக்கு இளைஞர்கள் திரும்பி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் கடந்த வாரம் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். நாலைந்து பிளேடுகளை அடுக்கிய பிளாஸ்டிக் தலையை விலை கொடுத்து வாங்கி, சில வாரங்களில் தூக்கி எறிவதைவிட ஒற்றைப் பிளேடால் நிதானமாக மழிப்பது தோலுக்கும் பைக்கும் நல்லது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கட்டுரையின் கடைசியில், ஒருபக்க பிளேடு எதுவானாலும் ஒன்றுதான் என்றும், இணையத்தில் நூறு இருநூறு என்று மொத்தமாக வாங்கிக் குளியலறை அலமாரியில் போட்டு வைத்தால் மலிவாக முடியும் என்றும் இரண்டு வரிகள் வந்திருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக ஒருபக்க பிளேடால் மட்டுமே சவரம் செய்பவன் என்ற முறையிலும், உப்பளங்களுக்கு நடுவே குடியிருப்பவன் என்ற முறையிலும் அந்த இரண்டு வரிகளையும் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருக்கும் சேவிங் செட், கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் செய்யப்பட்ட 'ஜெம் மைக்ரோமேட்டிக்' என்னும் பித்தளை ரேசர் அது. நிக்கல் பூச்சு அங்கங்கே போய்விட்டாலும் கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இன்றைக்கும் முதலை வாய் போலத் திறந்து பிளேடை வாங்கிக்கொள்கிறது. இருபக்க பிளேடுதான் மூத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1904இல். அதற்கு முன்பே, 1880இல், காம்ஃபே சகோதரர்கள் அமெரிக்காவில் ஒருபக்க பிளேடு கொண்ட பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பிளேடு கத்தியைத் துண்டாக்கியது போல் தடிமனானது, தோல் வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தியது. இன்றைய ஜெம் வகைப் பிளேடு அதன் பேரப்பிள்ளை. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் விறைப்புக்காக மடித்த தகட்டு முதுகு. கனம் ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர், அதாவது நம் பெட்டிக்கடைகளில் கிடைக்கும் இருபக்க பிளேடைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

'ஒருபக்க பிளேடு' என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர் என்பதை வாங்குவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகு வைத்த ஜெம் வகை ஒன்று; ஜேக்கப் ஷிக் 1920களில் உருவாக்கிய, உறையிலிருந்து நேராக ரேசருக்குள் தள்ளிவிடும் குறுகிய 'இன்ஜெக்டர்' வகை ஒன்று; ஜப்பானின் ஃபெதர் நிறுவனம் முடிதிருத்துநர்களுக்காகச் செய்யும் 'ஆர்ட்டிஸ்ட் கிளப்' வகை இன்னொன்று. இவற்றில் ஒன்றின் பிளேடு மற்றொன்றின் ரேசரில் உட்காராது. நம் ஊர்ச் சலூன்களில் இருபக்க பிளேடைக் காகித உறையோடு சேர்த்து இரண்டாக ஒடித்துக் கத்தியில் செருகுகிறார்களே, அந்தப் பாதி பிளேடும் ஒருவகையில் ஒருபக்க பிளேடுதான். ஆனால் அது மேற்சொன்ன மூன்றிலும் பொருந்தாது. வடிவம் பொருந்தாவிட்டால் பணம்தான் நட்டம். வடிவம் பொருந்தி வேலை பொருந்தாத நான்காவது வகை ஒன்று இருக்கிறது, அதில்தான் ஆபத்து.

கண்ணாடிக் கடையிலும் பெயிண்ட் வேலையிலும் கார் கண்ணாடியில் ஒட்டிய தாளை உரிக்கும் இடத்திலும் சுரண்டுவதற்கு ஒரு பிளேடு வைத்திருப்பார்கள். அதுவும் ஒருபக்கம் கூரும் மறுபக்கம் தகட்டு முதுகும் கொண்டது; பார்வைக்கு ஜெம் பிளேடின் இரட்டைப் பிள்ளை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இணைய விற்பனையாளர் ஒருவரிடம் 'சிங்கிள் எட்ஜ் ரேசர் பிளேடு' என்று பெயர் போட்டிருந்ததை நம்பி நூறு எண்ணம் வாங்கினேன். ஒவ்வொரு பிளேடும் ஓர் அட்டை உறைக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. ரேசரில் அச்சாக உட்கார்ந்தது. மறுநாள் காலையில் கன்னத்தில் வைத்து இழுத்ததும் மயிரை வெட்டாமல் பிடுங்கியது. நான் புத்தியோடு அங்கேயே நிறுத்தாமல் தாடைக்குக் கீழேயும் இழுத்துப் பார்த்ததில் மூன்று இடங்களில் இரத்தம் வந்து, படிகாரம் வைத்தும் கால் மணி நேரம் நிற்கவில்லை.

முப்பது ஆண்டுகள் லேத்தில் நின்றவன் என்பதால் காரணம் தெரியாமல் மனம் ஆறவில்லை. தெரிந்த கடிகாரக் கடைக்காரரிடம் அவர் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை வாங்கி, பழைய பெட்டியில் மீந்திருந்த சவர பிளேடையும் புதிதாக வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சவர பிளேடின் விளிம்பு இழுத்துப் பிடித்த நூல் போல ஒரே ஒளிக்கோடாக ஓடியது. மற்றதன் விளிம்பில் சாணைக்கல் விட்டுப்போன கோடுகள் உழவுசால் போலக் குறுக்கே தெரிந்தன, ஓரத்தில் பிசிறும் இருந்தது. அது மட்டமான பிளேடு என்று சொல்ல மாட்டேன். பெயிண்ட்டைச் சுரண்ட அந்தக் கூர் போதும், அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். சவரத்துக்கான பிளேடை அதைவிட நுண்மையாகப் பல கட்டங்களில் தீட்டி, தோலில் வழுக்கிச் செல்ல டெஃப்ளான் வகைப் பூச்சும் கொடுக்கிறார்கள். பூச்சும் இல்லாமல் கடைசித் தீட்டலும் இல்லாமல் வருவதை முகத்தில் வைத்தால் பழி பிளேடின் மேல் இல்லை, விற்றவர் சொல்லாமல் விட்டதன் மேல்தான்.

ஆகவே வாங்கும்போது பெட்டியின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், விவரத்தில் சவரத்துக்கு என்று சொல் இருக்கிறதா, துருப்பிடிக்காத எஃகா கார்பன் எஃகா, பூச்சு உண்டா என்ற மூன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். 'ஸ்கிரேப்பர்', 'யுடிலிட்டி' என்ற சொற்களில் ஏதேனும் ஒன்று எந்த மூலையில் இருந்தாலும் அது முகத்துக்கு அல்ல. முதல் தடவை ஒரே ஒரு சிறு பெட்டி மட்டும் வாங்கிப் பார்ப்பதுதான் நல்லது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவுச் சட்ட விதிகள், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பொருளின் பொதுப்பெயர், எண்ணிக்கை, அதிகபட்ச விலை ஆகியவற்றை அச்சிடச் சொல்கின்றன. இணைய விற்பனைப் பக்கத்திலும் இவற்றைக் காட்ட வேண்டும் என்பது 2018 தொடக்கத்திலிருந்து நடைமுறை. இங்கே என் வேண்டுகோள் ஒன்று உண்டு. சுரண்டும் பிளேடுக்கும் சவர பிளேடுக்கும் ஒரே பொதுப்பெயர் போட்டு விற்பது எழுத்தளவில் விதியை நிறைவேற்றலாம். வாங்குகிறவருக்கு அதனால் பயன் இல்லை. 'சவரத்துக்கு அல்ல' என்ற இரண்டு சொற்களைத் தமிழிலும் அச்சிட்டால் அட்டையில் அரை அங்குல இடம்கூட ஆகாது.

இனி மொத்தமாக வாங்கி வைப்பதைப் பற்றி. எனக்கு ஒரு ஜெம் பிளேடு ஒரு வாரம் வருகிறது. அப்படியானால் நூறு பிளேடு என்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டுச் சரக்கு, இருநூறு என்றால் நான்கு ஆண்டு. கோவையிலோ ஓசூரிலோ இருப்பவருக்கு இது பெரிய சிக்கல் இல்லாமல் இருக்கலாம். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ சென்னையில் கடற்கரையை ஒட்டியோ இருப்பவர், இரண்டு முதல் நான்கு ஐப்பசி கார்த்திகைகளை அந்தப் பெட்டி தாங்குமா என்று யோசித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

எவர்சில்வர் குடம் துருப்பிடிப்பதில்லையே, துருப்பிடிக்காத எஃகுப் பிளேடு மட்டும் ஏன் பிடிக்கும் என்று கேட்பார்கள். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். பிளேடு எஃகில் குரோமியம் 13 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. கூர் நிற்பதற்காகச் சேர்க்கும் கார்பன் அந்தக் குரோமியத்திலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கார்பன் எஃகுப் பிளேடென்றால் அந்தத் தடுப்பும் கிடையாது. மழைக்காலத்தில் ஒரே இரவில் செம்மண் நிறம் ஏறிவிடும். போதாக்குறைக்குக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ அதில் பாதிக்கும் குறைவான ஈரத்திலேயே நீர் கோத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் எங்கள் வீட்டு உப்புச் சாடி கசகசவென்று இருப்பது இதனால்தான். அந்தத் துகள் பிளேடின் மேல் படிந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளி ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. கூரின் நுனி ஒரு மயிரிழையின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பிளேடின் முகத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாத நிலையிலேயே அந்த நுனி அரித்துப் போயிருக்கலாம்.

குளியலறை அலமாரியில் வைக்கச் சொல்வதை நான் ஏற்காததற்கு வேறு காரணம் தேவையில்லை. வெந்நீர் ஆவி தினமும் எழும் அந்த இடத்தைப்போல் பிளேடுக்குப் பகையான இடம் வீட்டில் வேறு இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாது என்றும் சிலர் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும்வரை கெடாதுதான். வெளியே எடுத்த மறு நிமிடம் குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் பிளேடும் வியர்த்துவிடும்.

நான் செய்வது எளிது. வந்த பெட்டியைப் பிரிக்காமல், மெழுகுத்தாள் சுற்றியிருந்தால் அதையும் கழற்றாமல், மூடி இறுகப் பிடிக்கும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மாத்திரைப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைக் கூடவே வைத்து, படுக்கையறை மர அலமாரியில் நடுத்தட்டில் வைக்கிறேன். கீழ்த்தட்டில் தரையின் ஓதம் ஏறும். சிலிக்கா ஜெல் ஒருமுறை ஈரம் குடித்து நிறைந்த பிறகு வெறும் மணல்தான் என்பதால் மழைக்காலத்துக்கு முன்பு புதிதாக மாற்றிவிட வேண்டும். நான்கு வாரத்துக்கு வேண்டிய பிளேடுகளை மட்டும் வெளியே எடுத்து ஒரு சிறு டப்பாவில் வைத்துக்கொள்வதால் பெரிய சம்படம் மாதம் ஒருமுறைதான் திறக்கிறது. கார்பன் எஃகு வகையை வாங்கிவிட்டவர்கள் தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டுத் தடவி வைக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசின் பிடிக்கும். சம்படத்துக்குப் பூட்டு வேண்டுமா என்பது வீட்டில் குழந்தைகள் இருப்பதைப் பொறுத்தது. பேரன் வந்து தங்கும் விடுமுறை நாள்களில் என் சம்படம் பரணுக்குப் போய்விடும்.

ரேசரில் இருக்கும் பிளேடையும் துண்டால் துடைக்கக் கூடாது. ஓடும் நீரில் கழுவி, உதறி, தலையைத் திறந்து வைத்தால் காற்றே உலர்த்திவிடும். கண்ணாடித் தம்ளரின் உள்பக்கத்தில் பழைய பிளேடைத் தேய்த்துத் தேய்த்து ஒரு மாதம் ஓட்டிய பெரியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அப்பாவும் அப்படித்தான். ஆனால் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எப்படிப் பிளேடைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, கூர் தேய்ந்து மழுங்குவதைவிட மயிர் சாய்ந்து படும் இடங்களில் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து போவதே முக்கியக் காரணம் என்று காட்டியது. பெயர்ந்த இடத்தைத் தம்ளர் தேய்ப்பு நிரப்பாது. மயிரை வெட்டாமல் பிடுங்கத் தொடங்கியதும் பிளேடை மாற்றிவிடுவதே சரி.

மாற்றிய பிளேடை என்ன செய்வது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறை மருந்துப் பெட்டியின் பின்தகட்டில் ஒரு பிளவு இருக்கும். பழைய பிளேடை அதில் தள்ளினால் சுவருக்குள் விழும், அவ்வளவுதான். வீட்டை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுக் குவியல் கொட்டுவது அங்கே தெரிந்த கதை. நம் வீடுகளில் சுவருக்குப் பதிலாகக் குப்பைப் பை; அதைப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை. ஜெம் பிளேடு இருபக்க பிளேடைப்போல் வளைந்து கொடுக்காது, தகட்டு முதுகு பிடிமானமாக நின்று பையையும் கையுறையையும் கிழித்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய ஊசியை வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன; இரத்தம் பட்ட பிளேடையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

தீர்ந்துபோன காப்பித்தூள் தகர டப்பாவின் மூடியில் உளியால் ஒரு கீற்று வெட்டி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டுக் குளியலறைக்கு வெளியே மாட்டியிருக்கிறேன். ஐந்து ஆண்டுகளில் பாதிதான் நிரம்பியிருக்கிறது. இதற்கு முந்தைய டப்பாவின் கீற்றையும் ஒட்டி அடைத்து, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பையோடு போடாமல் வண்டியோடு வரும் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தனியாக வண்டியின் முன்பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, இதைப்போல் எல்லா வீட்டிலும் கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற லேத் பணியாளர், தூத்துக்குடி.