சருகும் இடமும் நேரமும் கேட்டு மண்டல அலுவலருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
வீட்டில் உரம் போடும் குடியிருப்போர்,
தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி,
வட சென்னை.

பெறுநர்
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
தண்டையார்பேட்டை மண்டலம்,
பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: ஈரக்குப்பையைத் தெருவிலேயே உரமாக்கக் காய்ந்த சருகு, சிறு இடம், மீன் கழிவுக்குத் தனி ஏற்பாடு, உலர்குப்பைக்குக் குறித்த நாள் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டுவிட்டது. அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பல ஆண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை ஒருபக்கம் நடக்கும்போது, மறுபக்கம் புது ஈரக்குப்பை அங்கே போய்ச் சேரக் கூடாது என்பதே எங்கள் விருப்பமும். அடியில் காற்றில்லாமல் அழுகும் ஈரக்குப்பை மீத்தேன் விடுகிறது. வெயில் காலத்தில் கிடங்கில் தீப்பிடித்தால் லேசில் அணையாததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் புகை முதலில் வருவது எங்கள் சன்னல்களுக்குத்தான். எனவே ஒற்றை அறை வீடுகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் இந்த வேலை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை விவரமாகச் சொல்லி, அதற்கேற்ற உதவியைக் கேட்கிறோம்.

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ காய்கறித் தோலும் சோற்று மிச்சமும் சேரும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு துளை போட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, இரண்டு அங்குலம் சருகு பரப்பி ஆரம்பிக்கலாம். ஒரு கை ஈரக்குப்பை போட்டால் மேலே இரண்டு கை சருகு போட வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, கொஞ்சம் புளித்த மோரோ பழைய உரம் ஒரு பிடியோ சேர்த்தால் போதும். 20, 25 நாளில் வாளி நிறையும். பிறகு 45 நாள் மூடிவைக்க வேண்டும். ஆக, ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று வாளி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஆள் நடக்கும் வழி மட்டுமே உள்ள வீட்டில் மூன்று வாளியை எங்கே வைப்பது? மாடிப்படியில் வைத்தால் வழி அடைபடும். சந்தில் வைத்தால் மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர் வந்ததும் வாளி மிதக்கும்.

இடத்தைவிடப் பெரிய தடை சருகுதான். உரம் போடத் தொடங்கிய வீடுகளில் பாதியில் நிறுத்துவோர் பெரும்பாலும் நாற்றத்தால் நிறுத்துகிறார்கள். நாற்றத்துக்குக் காரணம் சருகு போதாமை. முட்டை அழுகிய நாற்றம் என்றால் உள்ளே காற்று போகவில்லை என்று பொருள். மூக்கில் ஏறும் அமோனியா நெடி என்றால் ஈரக்குப்பை கூடிவிட்டது, சருகு குறைந்துவிட்டது. ஒரு பிடி எடுத்துக் கையால் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். விரலிடுக்கில் ஒழுகினால் அந்த வாளியில் இரண்டு நாளில் புழு நெளியும். அந்தப் புழு கெடுதல் செய்வதில்லை, குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். ஆனால் அடுப்பிலிருந்து நான்கடி தூரத்தில் புழுவைப் பார்த்த வீட்டில் மறுநாள் வாளி இருக்காது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் சருகு இன்னும் கூடுதலாக வேண்டும்; அப்போதுதான் காய்ந்த சருகு கிடைப்பதே இல்லை.

ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு 50 கிலோ அரிசிச் சாக்கு நிறைய சருகு போதும். எங்கள் தெருக்களில் மரம் குறைவு. பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் தூங்குமூஞ்சியும் புங்கனும் வேம்பும் உதிர்க்கும் இலையைக் குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி, வாரம் ஒருநாள் தெருமுனையில் இறக்கித் தரக் கேட்கிறோம். கன்டெய்னர் லாரிகள் ஓடும் பெரிய சாலைகளில் கூட்டும் இலை வேண்டாம். அதில் பாதி மண், மீதியில் டயர்த் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். மாசி, பங்குனியில் இலை கொட்டும்போதே சேர்த்துத் தார்ப்பாய் போட்டு வைத்தால் ஐப்பசிக்கு ஆகும். இளநீர்க் கடைகளின் மட்டையும் இதற்கு உதவும். குவிந்து கிடக்கும் மட்டையில் மழைநீர் தேங்கி டெங்கு கொசு வளர்கிறது. அரைக்கும் இயந்திரம் ஒன்று கொடுத்துத் துருவலாக்கி நான்கைந்து நாள் உலர்த்தினால் ஈரத்தை உறிஞ்ச அதைவிட நல்ல பொருள் இல்லை.

வாளிக்கு வீட்டில் இடமில்லாதவர்களுக்காகத் தெருவுக்கு ஒன்றாக, 10 அடிக்கு 10 அடி இடம் ஒதுக்கித் தரக் கேட்கிறோம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயர மேடை, மேலே தகரக் கூரை, சுற்றிலும் பெருச்சாளி நுழையாத அரை அங்குலக் கம்பிவலை ஆகியவை அவசியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையாமல் குவித்தால் குவியல் தானே 55, 60 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டில் ஈப்புழு தங்காது. சிறு வாளியில் இந்தச் சூடு வராது என்பதால்தான் கூட்டாகச் செய்வதை வலியுறுத்துகிறோம். வாரம் ஒருமுறை கிளறும் வேலையை நாங்களே முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்தது மீன். உரம் போடச் சொல்லித்தரும் அறிவிப்புகள் பெரும்பாலும் காய்கறித் தோலோடு நின்றுவிடுகின்றன. எங்கள் பகுதியில் காசிமேட்டு மீன் இல்லாத வாரம் கிடையாது. செதில், செவுள், குடல், இறால் ஓடு இவற்றை வாளியில் போட்டால் ஒரே இரவில் வீச்சம் கிளம்பும், பூனை வாளியைச் சாய்க்கும். கருவாடு கழுவிய தண்ணீர் உப்பால் உரத்தையே கெடுக்கும். மீன் அமிலம் தயாரிப்பது நல்ல வழி: ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம் தூளாக்கிக் கலந்து, மூடியுள்ள கேனில் முக்கால் பாகம் வரை நிரப்பி, தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். மூன்று வாரத்துக்குப் பிறகு தேன் நிறத்தில் வடிவதை லிட்டருக்கு 10 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். ஆனால் வாராவாரம் ஒரு கிலோ வெல்லம் வாங்க எந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? மீன் வெட்டித் தரும் சந்தையிலேயே கழிவை மூடியுள்ள தனி வாளியில் சேர்த்து, வெயில் ஏறுமுன் எடுத்துப் போய் மொத்தமாக இப்படித் தயாரித்துப் பூங்காச் செடிகளுக்குப் பயன்படுத்தலாம். வெட்டித் தருபவர்களுக்கு மூடியுள்ள வாளியை இலவசமாகத் தர வேண்டும்.

உலர்குப்பையில் பால் பாக்கெட்டையும் அட்டையையும் காயலாங்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டினால் அந்த நகக்கண் அளவு பிளாஸ்டிக் தோலோடு சேர்ந்து உரத்துக்குள் போய்விடும். ஒட்டிக்கொண்டு தொங்கும்படி வெட்டுவதுதான் சரி. கழுவுவதற்கு அரிசி களைந்த தண்ணீரே போதும், குடத்துத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை. சிப்ஸ் கவர், ஷாம்பு சாஷே, கறுப்புப் பார்சல் டப்பா ஆகியவற்றை மட்டும் யாரும் வாங்குவதில்லை. இவற்றை எடுக்க வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துத் தர வேண்டும். நாப்கினும் டயப்பரும் நாங்கள் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் குறியிட்டுத் தருகிறோம். பேட்டரி வண்டியில் அதற்கென ஒரு தனிப் பெட்டி வேண்டும்.

வண்டி வரும் நேரத்தையும் நிர்ணயிக்க வேண்டும். துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியுமுன் கிளம்பும் வீடுகளில் பகலில் குப்பை கொடுக்க ஆள் இல்லை. வாரம் இருநாளாவது மாலை 7 மணிக்கு மேல் ஒரு நடை வந்தால், வாசலில் வைத்த பையை நாய் கிழிப்பது நிற்கும்.

முதற்கட்டமாக ஒரே ஒரு தெருவில், வரும் மழைக்காலத்துக்கு முன் இதைத் தொடங்கிப் பார்க்க அனுமதியும் சருகும் தந்தருளுமாறு கேட்டுக்கொள்கிறோம். துப்புரவு ஆய்வாளர் ஒருவரை அனுப்பினால், நடப்பில் உள்ள வாளிகளைத் திறந்து காட்டவும் மேடைக்கு ஏற்ற இடங்களை அடையாளம் காட்டவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீட்டில் உரம் போடும் குடியிருப்போர்