கிட்டக்க சுட்டா ஆழமா போவுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ்ல காட்டுப்பன்னி கட்டுரை போட்டிருந்தீங்க. காப்புக்காட்டுலேர்ந்து 3 கிலோமீட்டர் தாண்டி ஊருக்குள்ள வந்தா வனத்துறை ஆளுங்க சுடலாம்னு 2025 ஜனவரில சட்டசபைல சொன்னதுலேர்ந்து ஆரம்பிச்சு நல்லாதான் போச்சு. நடுவுல ஒரு வரி. "எவ்வளவு நெருக்கமாகச் சுடுகிறோமோ அவ்வளவு ஆழமாகத் தோட்டா பாயும்." கையில இருந்த டீ ஆறிப்போச்சு சார்.

மொதல்ல தோட்டா பாயாது. பித்தளைக் குப்பி, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேந்ததுதான் தோட்டா. குப்பியுமா பறந்து போவும்? இதை நான் ஏற்கனவே ரெண்டு தடவ எழுதிட்டேன், உங்களுக்கு தெரியாததா.

வேட்டைக்கு போடுற சாஃப்ட் நோஸ் குண்டுக்கு முனைல ஈயம், சுத்தி செம்பு உறை, பட்டதும் காளான் மாதிரி விரியணும். 30-06ன்ற வேட்டை ரைஃபிள்ல 180 கிரெய்ன் (பன்னெண்டு கிராமுக்கு கொஞ்சம் கம்மி) குண்டு குழாயை விட்டு வரும்போது செகண்டுக்கு சுமாரா 820 மீட்டர் வேகம், 200 மீட்டர் தாண்டுறப்போ 700 பக்கம் எறங்கிடும், அங்க அழகா விரியும். கிட்டக்க பட்டா அந்த மொத்த வேகத்தோட தோள் எலும்புல மோதி ஒடைஞ்சி சிதறி மேலாகவே நின்னுடவும் கூடும்.

1969ல ஜவ்வாது மலை அடிவாரத்துல எங்க தாய்மாமன் லைசென்ஸ் ரைஃபிளோட, நான் டார்ச் புடிச்சிக்கினு நின்னேன். பன்னி பன்னெண்டு தப்படில. தோள்லதான் பட்டுது, ஆனா எழுந்து ஓடிடுச்சு, மறுநாள் காலைல ஓடைக்குள்ள கெடச்சுது. அறுத்து பாத்தா நாலு விரக்கடைக்கு மேல ஈயம் போவல, உறை தனியா கழண்டு கெடக்குது, கறில பூரா ஈயத் துணுக்கு, பல்லுல கடிபட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் மாமா புதர்னா 12 போர் துப்பாக்கில எல்.ஜி, அதான் பெரிய ஈய உருண்டைங்க போட்ட தோட்டா, அதுதான். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்தப்புறம் அதையும் கீழ வெச்சிட்டாரு. இப்ப முழுசும் செம்புலயே குண்டு வருது, அது லேசுல ஒடையாது, அதை எழுதியிருந்தா நான் ஏன் வாயத் தொறக்கப்போறேன்? அடிபட்ட பன்னி புதருக்குள்ள பூந்துட்டா அது பின்னாடி போறது உங்க நிருபர் இல்ல சார், வனத்துறைல ஏதோ ஒரு வாட்ச்சர், கையில வெறும் கம்போட.

2023 டிசம்பர்ல எண்ணூர்ல எண்ணெய் மெதந்தப்ப ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், வரல. அந்த வாரம் கோவா டூர் நாலு பக்கம் வந்துது, கலர்ல. ஆனா துப்பாக்கி, அருவான்னா மட்டும் எங்க ஏரியா போட்டோ கரெக்டா கெடச்சிடுது உங்களுக்கு.

பெருசா ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு வரி திருத்தம், சமையல் குறிப்புக்கு கீழ பொடி எழுத்துல போட்டாகூட போதும். எனக்கு ஓசி காப்பி அனுப்ப வேணாம், கடைலயே காசு குடுத்து வாங்கிக்கிறேன்.

இப்படிக்கு,
31 வருஷமா படிக்கிற ஒரு வாசகன்,
தண்டையார்பேட்டை