உன் மொரிஸ் மைனரின் டிக் டிக்

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்பின் மச்சான்,

கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கால்வலி குறைந்தது பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் இந்த வருஷம் ஏ/எல் எடுக்கிறாள், வீட்டில் டிவி சத்தமே இல்லை. மற்றச் செய்திகள் இருக்கட்டும், முதலில் உன் மொரிஸ் மைனர் கார்.

என்ஜின் ஹெட்டின் அடியை 40 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு) சீவினார்கள், அதை ஈடுகட்ட வால்வுகளை அமுக்கித் திறக்கிற ரொக்கர்களின் ஷாஃப்டைத் தாங்கும் பெடஸ்டல்களுக்குக் கீழே 40 தௌ ஷிம் (மெல்லிய தகடு) போட்டார்கள், அன்று தொடங்கிய டிக் டிக் இன்னும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த ஷிம்களைக் கழற்று மச்சான். கணக்கே பிழை. வால்வும் ரொக்கர் ஷாஃப்டும் ஹெட்டில்தானே இருக்கின்றன? ஹெட்டைச் சீவினால் இரண்டும் சேர்ந்தேதான் இறங்கும், அவற்றுக்கிடையே ஒரு முடியளவும் மாறாது. ரொக்கரைக் கீழிருந்து தள்ளுகிற புஷ்ரொட் கம்பி மட்டும் கீழே என்ஜின் உடம்பிலுள்ள டெப்பட்டில் குந்திக்கொண்டு பழைய நீளத்திலேயே நிற்கும். 40 தௌ என்றால் ரொக்கரிலுள்ள அட்ஜஸ்டர் திருகைக் கிட்டத்தட்ட ஒரு சுற்று மேலே எடுத்தாலே சரிவந்துவிடும். புஷ்ரொட்டின் கப் ரொக்கரின் அடியில் முட்டினால் மட்டும் கட்டையான புஷ்ரொட் தேடு.

ஷிம் வேண்டியது வேறு இடத்தில். வால்வ் மூடி உட்காருகிற சீட்டை வெட்டினால் வால்வ் உள்ளே அமிழ்ந்து தண்டின் நுனி மேலே எழும்பும். அப்போது ஷாஃப்டும் அதே அளவு எழும்ப வேண்டும். என்னுடைய 1098 சிசி என்ஜினுக்குப் போன மாதம் அந்த வேலைதான் செய்தேன்.

டெக்னிகல் கொலிஜில் நமக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியது ஞாபகமா? வால்வ் பாதி திறந்திருக்கும்போது, ரொக்கரின் அச்சிலிருந்து நுனிக்கு இழுக்கிற கோடு வால்வ் தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் நுனி தண்டின் தலையில் கொஞ்சம் வெளியே போய், பாதியில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். உயரம் பிழைத்தால் கூடுதலாக இழுபடும், அந்தப் பக்கவாட்டுத் தள்ளலை, தண்டு ஓடுகிற குழாயான வால்வ் கைட் வாங்கிக்கொள்ளும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. கைட் மெல்லத் தேய்ந்து எண்ணெய் இறங்கிப் புகை வரும்போதுதான் தெரியும்.

ஞாயிறு காலை தண்டுகளின் தலையில் மார்க்கர் மை பூசி, என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். மை அழிந்த கோடு கொஞ்சம் அகலம். பித்தளைத் தகட்டில் ஷிம் வெட்டிப் போட்டதும் கோடு மெலிந்தது. நடுவில் விழவில்லையே என்று முதலில் கவலைப்பட்டேன். ஆனால் உயரம் சரியா என்று சொல்வது கோட்டின் மெலிவுதான். அது எந்தப் பக்கம் விழுகிறது என்பது ஷாஃப்ட் முன்னே பின்னே இருக்கிற விஷயம். பக்கத்து வீட்டுப் பையன் புஷ்ரொட் நீளத்தால்தான் ரொக்கரின் கோணம் வைக்க வேண்டும் என்று சாதித்தான். அவன் பார்த்தது தனித்தனி ஸ்டட்டில் ரொக்கர் ஆடுகிற அமெரிக்க வி8. அங்கே அது சரி. நம்முடையதில் ஷாஃப்டின் உயரம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது.

அப்புறம், உன் டிக் டிக். ரொக்கருக்கு எண்ணெய் ஒரு பெடஸ்டல் வழியாகத்தான் ஏறுகிறது. அதன் ஷிம்மில் துளை போட்டார்களா? போடாவிட்டால் ஷாஃப்ட் காய்ந்து கிடக்கும். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். உடனே பார், அதுவரை வண்டியை எடுக்காதே. பெடஸ்டலைக் கழற்றுமுன் தண்ணீரை இறக்கிவிடு. ஹெட்டின் ஒன்பது நட்டில் நாலு பெடஸ்டல் வழியாகப் போகின்றன. அந்த நாலை மட்டும் தளர்த்தினால் ஹெட் வளைந்துவிடலாம், ஒன்பதையும் ஒழுங்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து.

துளை இருந்தால் ரொக்கர் நுனிகளைத் திருப்பிப் பார். நகத்தால் தடவினாலே குழி தட்டுப்படும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழிக்கு மேலே பாலம் போல நிற்கும். நீ 12 தௌ என்று நினைத்து வைத்த இடைவெளி உள்ளே 20 ஆக இருக்கலாம். எத்தனை தரம் அட்ஜஸ்ட் பண்ணினாலும் சத்தம் போகாததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாம் பூட்டியபின் இடைவெளியை ஒன்பதுக் கணக்கில், இரண்டு வால்வின் எண்ணும் கூட்டினால் ஒன்பது வரும்படி, வை: எட்டாவது வால்வ் முழுதாகத் திறந்திருக்கையில் முதலாவது, ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவது.

பஞ்சிகாவத்தையில் குழி விழாத ரொக்கர் எட்டுப் பார்த்து வைக்கிறேன். துளை இருந்ததா இல்லையா என்று மட்டும் இன்றைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய மச்சான்