மலையின் வடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரில் எவரெஸ்ட் பற்றிய கட்டுரையோடு அரைப் பக்கத்துக்கு ஒரு வர்ணப் படம் போட்டிருந்தீர்கள். கீழே 'உலகின் அதியுயர்ந்த சிகரம்' என்று எழுதியிருந்தது. படத்தில் இருப்பது எவரெஸ்ட் அல்ல, அமா டப்லாம். எவரெஸ்ட் 8,848 மீற்றர். இது 6,812 மீற்றர்தான்.

பிழை பிடிப்பதற்காக எழுதவில்லை. படத்தைத் தெரிவுசெய்தவரின் கை ஏன் அங்கே போனது என்று எனக்கு நன்றாக விளங்குகிறது. எவரெஸ்டைத் தெற்கிலிருந்து பார்த்தால் நுப்சே, லோட்சே என்ற இரண்டு மலைகளும் மதில் மாதிரி மறித்து நிற்கும். அதற்குப் பின்னால் கறுப்பாகத் தலை மட்டும் தெரியும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அயல்வீட்டுக்காரர் போல. அமா டப்லாம் தனியே நிற்கிறது. இரண்டு பக்கமும் நீளமாக இறங்கும் முகடுகள் தாயின் கைகளாம். நெஞ்சில் தொங்கும் பனிக்கட்டி அவள் கழுத்துப் பதக்கமாம். பெயரின் பொருளே அதுதான்.

கட்டுரையாளரோ, மனிதரை மலைக்கு இழுப்பது உயரமும் அதனால் வரும் புகழும் என்று எழுதி முடித்துவிட்டார். 2016 இல் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையரானபோது நானும்தான் சந்தோசப்பட்டேன். ஆனாலும் உயரம் மட்டும் என்றால் உங்கள் பக்கத்தில் எப்படி அமா டப்லாம் வந்து குந்தியது? யாழ்ப்பாணத்தில் நாங்கள் அழகு என்று சொல்வதில்லை, வடிவு என்கிறோம். பெட்டை வடிவு, சேலை வடிவு, கோலம் வடிவு. உருவத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல். மலை விசயத்தில் இந்தச் சொல்லைவிடப் பொருத்தமான ஒன்று எனக்கு அகப்படவில்லை.

மலையைப் பற்றிப் பேச யாழ்ப்பாணத்தானுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எங்களிடம் பெயருக்கு ஒரு கீரிமலை இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான். ஏற வேண்டுமென்றால் பனைதான். நான் கண்ட முதல் மலை ஆனையிறவில் றெயில் யன்னலால் பார்த்த உப்புக் குவியல். வெள்ளை வெளேரென்று, கூராக, வெட்டவெளியில் தனியே நின்றது. ஏழு வயது. இறங்கி ஏறவேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் எந்த உயரமும் இல்லாததால்தான் அது மலையாகத் தெரிந்தது என்பது பிறகு விளங்கிய சங்கதி.

1977 இல் மஸ்கெலியாத் தபால் கந்தோருக்கு மாற்றம் கிடைத்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அப்பால், விடியப்புறம் முகில் விலகினால், சிவனொளிபாதமலை நிற்கும். 2,243 மீற்றர். நாட்டில் மிக உயர்ந்தது பீதுருதாலகாலை, 2,524 மீற்றர். நுவரெலியாவுக்குப் போனபோது அதைத் தேடினேன். காட்டிய பிறகுதான் கண்டேன். நுவரெலியா நகரமே 1,868 மீற்றரில் இருப்பதால் அங்கிருந்து மலைக்கு மிச்சம் 650 மீற்றர் அளவுதான். திண்ணையில் ஏறி நிற்பவரின் உயரம் திண்ணையில் இருப்பவருக்குத் தெரியுமா? சிவனொளிபாதமலை மலைநாட்டின் விளிம்பில் நிற்கிறது. நல்லதண்ணிப் பக்கத்திலிருந்தே ஏறத்தாழ 1,000 மீற்றர் எழும்புகிறது. இரத்தினபுரிப் பக்கம் தாழ்நிலம் வரை சரிகிறது. அதனால்தான் கடலில் வந்த மாலுமிகளுக்கும் அது அடையாளமாக இருந்தது. 1344 இல் வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, எங்கள் யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டது வேறொன்றையும் அல்ல, அந்த மலைக்குப் போக வழியைத்தான். அரசனும் பல்லக்கும் துணைக்கு யோகிகளும் கொடுத்து அனுப்பினான். யாழ்ப்பாணத்துக்கும் மலைக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

அடுத்த ஆண்டு மாசியில் ஏறினேன். கூட வந்தவன் கந்தோரில் வேலை செய்த தோட்டத்துப் பெடியன். நான் நிமிர்ந்து நிமிர்ந்து உச்சியைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "சேர், மேல பாக்காதீங்க, படியப் பாத்து நடங்க" என்றான். சரியான புத்திமதிதான், ஆனால் நிமிராமல் இருக்க முடியவில்லை. இருட்டில் வழிநெடுக எரிந்த விளக்குகள் மேலே மேலே போய், எது விளக்கு எது வெள்ளி என்று தெரியாத இடத்தில் கலந்தன. வழி கண்ணுக்குத் தெரிகிறது, முடிவு தெரியவில்லை. மலையேறிகளை இழுப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன். கீழே நின்று பார்க்கும்போதே, இந்த முகட்டால் போய் அந்தத் தோளில் திரும்பி இப்படி ஏறலாம் என்று மனம் கோடு கீறத் தொடங்கிவிட வேண்டும். மொட்டைக் குன்று அப்படிக் கீற விடாது.

விடிந்ததும் மேற்கே மூடுபனியில் மலையின் நிழல் விழுந்தது. கச்சிதமான முக்கோணம். மலை கூம்பு, நிழலும் கூம்பு என்று அன்று நம்பினேன். உண்மை வேறு. எந்த உருவ மலையானாலும் சூரியன் தாழ இருக்கையில் உச்சியில் நின்று பார்த்தால் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். காங்கேசன்துறைத் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போல, நீண்ட நிழலின் ஓரங்கள் தூரத்தில் ஒடுங்கிவிடுகின்றன.

பிறகு 2014 இல் மகள் சுவிஸுக்கு அழைத்தாள், சேர்மாட்டுக்குக் கூட்டிப்போனாள். மாட்டர்ஹோர்ன், 4,478 மீற்றர். பனியாறுகள் எல்லாப் பக்கமும் அரித்து, நாலு முகமுள்ள கூராக விட்டுவைத்த மலை. ஊருக்குள் நின்று பார்த்தால் கிழக்கு முகம் செங்குத்துச் சுவர். ஆங்கிலேய மலையேறி எட்வேட் விம்பர் அதைப் பக்கவாட்டில் பார்த்தார். சரிவு ஏறத்தாழ 40 பாகைதான், கண்தான் ஏமாற்றுகிறது என்று கண்டுகொண்டார். 1865 யூலை 14 இல் அவரும் சேர்ந்து ஏழு பேர் முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். அந்தக் கயிற்றை அங்கே நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கிணற்றுக் கயிறு இதைவிடத் தடிப்பு என்று மகளிடம் சொன்னேன். வெளியே வந்தால் இளம் பெடியள் கயிறும் கோடரியுமாக மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

பயம் ஆசையைக் குறைப்பதில்லை, தடையும் குறைப்பதில்லை. நேபாளத்தின் மச்சபுச்சரே மீன்வால் போலப் பிளந்த சிகரம், 6,993 மீற்றர். 1957 இல் ஏறியவர்கள் உச்சிக்கு ஏறத்தாழ 50 மீற்றர் இருக்கையில் திரும்பினார்கள். அது புனித மலை என்று பின்னர் யாரையும் ஏற விடுவதில்லை. கயிலை 6,638 மீற்றர்தான். அதிலும் ஒருவரும் ஏறவில்லை, சுற்றித்தான் வருகிறார்கள். மலையேறிகளைக் கேட்டால் இந்த இரண்டையும் பற்றித்தான் ஏக்கத்தோடு பேசுவார்கள் போலும்.

எனக்கு இப்போது முழங்கால் மொட்டைமாடிக்கே மறுக்கிறது. ஆகவே உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இனி மலையின் உயரத்தைப் போடும்போது, அது எந்த உயரத்திலிருந்து எழும்புகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், திருத்தம் வெளியிடுவதானால் படத்தை மாற்ற வேண்டாம். நல்ல படம். வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்,
அளவெட்டி.