சின்னவனை நூலகத்துக்குக் கூட்டிப் போ

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தால் “வேலையா இருக்கேன்ப்பா” என்கிறாய். சரி, கடிதமாவது படிப்பாய் என்று எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. மாடி ஒழுகலுக்குக் கொத்தனார் இன்னும் வந்தபாடில்லை. அதை விடு.

சனிக்கிழமை காலையில் நம் கிளை நூலகத்தில் பொடிசுகளுக்குக் கதை வாசிக்கிறேன். பாயில் உட்கார வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தப்பாக வாசிப்பேன். படத்தில் நரி இருக்கும், நான் பூனை என்பேன். “தாத்தா, நரி!” என்று கத்துவார்கள், நூலகர் எட்டிப் பார்ப்பார். அயர்ன்காரர் மகள் மட்டும் வாயே திறக்க மாட்டாள். எழுந்து வந்து நரியின் வாலில் விரலை அழுத்தி வைத்து என்னை முறைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்வாள். “எங்கே, வாயைத் திறந்து சொல்லு” என்று அவளை அங்கே யாரும் படுத்துவதில்லை. காதுகுத்து வீட்டில்தான் பேசாத பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு பேரைச் சொல்லு, பாட்டுப் பாடு என்பார்கள். நூலகத்தில் சும்மா இருக்கிற பிள்ளைதான் சமர்த்து.

பொங்கலன்று உன் சின்ன மாமியார் கேட்டதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

உனக்குக் கோட்டூர்புரம் பக்கம்தானே. 2010-ல் அண்ணா நூலகம் திறந்த புதிதில் காலேஜ் தோழிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வாரக்கணக்கில் அதே பேச்சாக இருந்தாயே! முதல் மாடியில் குழந்தைகளுக்கென்றே 15,000 சதுர அடி, நடுவில் பெரிய மரம் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சின்னவனைக் கூட்டிக்கொண்டு போ. படிக்கச் சொல்லாதே, பக்கத்தைப் புரட்டினால் போதும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் திருத்தாதே. மற்ற பிள்ளைகள் சத்தமாக வாசிப்பது காதில் விழட்டும்.

உள்ளே போக காசும் கிடையாது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி என்று வாங்கிக்கொள்கிறார்களே, 1948-லேயே போட்ட சட்டம் அது. கட்டியும் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பானேன்?

முதல் வகுப்பு போகும்போதே நீ டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று தினத்தந்தி தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தவள். கடைக்காரர் ஒரு வடையைக் கையில் கொடுத்து “கலெக்டரம்மா” என்றார். அந்தக் கடைப்பக்கம் போனால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். நீயா இப்போது போனைக் கையில் கொடுத்து அவனுக்குச் சோறு ஊட்டுகிறாய்? ஆபீசும் வீடும் உனக்குச் சிரமம்தான், தெரியும். ஆனாலும் போனைக் கொடுக்காதே.

லீவுக்கு இங்கே வந்தால் புது நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்துக்கு நானே கூட்டிப் போவேன். 2023 ஜூலையில் திறந்தது, அங்கேயும் குழந்தைகளுக்குத் தனி இடம் உண்டு. வருகிறாயா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மறக்காதே.

இன்னொன்று, கோபப்படாதே தாயி. பின்னாலிருந்து கூப்பிட்டால் சின்னவன் திரும்புகிறானா? வருகிற தைக்கு நாலு முடிகிறது. எதற்கும் ஒரு தடவை காது டாக்டரிடம் காட்டிவிடு. பணம் நான் அனுப்புகிறேன். நான் எழுதினேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.

அப்பா